கெஸ்ட்ரலை அடையாளம் காண்பது எப்படி: உருவத்தில் தொடங்கி நிறத்தில் முடிக்கும் முழுமையான வழிகாட்டி

பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களிடம், இப்போது போன அந்தச் சின்ன வேட்டைப் பறவை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "முதுகு பழுப்பு, வயிறு வெளுப்பு, அதில் கோடு கோடாக இருந்தது" என்பார்கள். அந்த வர்ணனைக்குள் ஷிக்ரா அடங்கும், அமூர் ஃபால்கன் குஞ்சு அடங்கும், குயில்கூட அடங்கும். நிறத்தைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினால் ஏதோ ஒரு படம் பொருந்தத்தான் செய்யும். தப்பான பெயர் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

இந்த வழிகாட்டியில் வரிசை வேறு: உருவம், பறப்பு, வால், முகம், கடைசியில் நிறம். எடுத்துக்கொண்ட பறவை ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றிலும் பரவலாக வாழும் கெஸ்ட்ரல் என்ற சின்ன ஃபால்கன். அறிவியல் பெயர் ஃபால்கோ டின்னங்குலஸ். தமிழில் வல்லூறு என்பதை ஷிக்ராவுக்கும் சொல்கிறோம், ஃபால்கன்களுக்கும் சொல்கிறோம். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டுரையில் அது வம்பு என்பதால் கெஸ்ட்ரல், ஃபால்கன், ஷிக்ரா என்றே எழுதுகிறேன்.

1. கிளம்புவதற்கு முன்

பைனாகுலர் 8x42 போதும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீட்டர்). 10x வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் காற்றடிக்கும் வெட்டவெளியில் கை நடுங்கும்போது 10x அந்த நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். பார்வைப் பரப்பும் குறுகும். பறந்துகொண்டிருக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

கேமரா இருந்தால் கொண்டுபோங்கள், ஆனால் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடம் கண்ணுக்கு உரியது. கேமராவைக் கையில் வைத்திருப்பவர் பறவை பறந்த விதத்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து மங்கலான ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் பெயர் கேட்பார். பறப்பு அந்தப் படத்தில் இருக்காது.

இன்னொரு தயாரிப்பு, பலரும் விட்டுவிடுவது: நீங்கள் போகும் இடத்தில், அந்த மாதத்தில் எந்தெந்தச் சின்ன ஃபால்கன்கள் இருக்க வாய்ப்பிருக்கிறது என்ற பட்டியல். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு இணையதளத்தில் இடத்தையும் மாதத்தையும் கொடுத்தால் கிடைத்துவிடும். இருபது இனங்களை மனப்பாடம் செய்வதைவிட, இருக்கக்கூடிய நாலைந்தின் வேறுபாட்டை நன்றாகப் படித்துவிட்டுப் போவது பலன் தரும். கெஸ்ட்ரல் சில பகுதிகளில் ஆண்டு முழுதும் இருக்கும், சில பகுதிகளில் குளிர்காலத்தில் மட்டும் வரும். தென்னிந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதிகளில் நிரந்தரமாக வாழும் கருமை கூடிய துணையினம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து சேர்பவை வேறு துணையினங்கள். ஒரே இனம்தான், ஆனால் நிற அடர்த்தி மாறும். நிறத்தைக் கடைசியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. எங்கே நிற்பது, எப்போது போவது

கெஸ்ட்ரலுக்கு வேண்டியது குட்டையான புல்லும் திறந்த வெளியும். மேய்ச்சல் நிலம், அறுவடை முடிந்த வயல், பாறைச் சரிவு, சாலையோரப் புல்வெளி, விமான நிலையத்து ஓடுபாதையைச் சுற்றிய வெற்றிடம் எல்லாம் அதற்கு ஒத்துவரும். அடர்ந்த காட்டுக்குள் தேட வேண்டாம். தரையில் ஓடும் எலியையும் பூச்சியையும் மேலிருந்து பார்த்துப் பிடிக்கும் பறவை அது. தரையை மரக்கிளை மறைத்தால் அதற்கு அங்கே வேலை இல்லை.

காற்று கொஞ்சம் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அந்தரத்தில் நிற்க அதற்கு எதிர்க்காற்று வேண்டும். காற்றே இல்லாத நாளில் பெரும்பாலும் கம்பத்திலோ காய்ந்த கிளையிலோ உட்கார்ந்துவிடும்.

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் பறவை கறுப்பாகத்தான் தெரியும். வெளுத்த வானத்தின் கீழே செம்பழுப்பு முதுகும் சாம்பலாகிவிடும். வாலில் இருக்கும் பட்டைகள் ஒளி ஊடுருவி வேறுமாதிரிக் காட்சி தரும்.

3. முதல் கேள்வி: இது ஃபால்கன்தானா?

இனத்தின் பெயரை இப்போதே தேடாதீர்கள். குடும்பத்தை மட்டும் உறுதி செய்யுங்கள்.

சிறகைப் பாருங்கள். ஃபால்கனின் சிறகு நீளமாக, நுனி கூராக இருக்கும். ஷிக்ரா, சிட்டுப்பருந்து வகைகளின் சிறகு குட்டை, அகலம், நுனி உருண்டை; விரல் விரித்தாற்போல இறகு நுனிகள் பிரிந்து தெரியும். மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து துரத்த அந்தச் சிறகு தோது. திறந்த வெளிக்கு நீண்ட சிறகு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கெஸ்ட்ரல் வட்டமடித்து மேலேறும்போது சிறகை முழுதாக விரித்து, வாலையும் விசிறியாக்கிவிடும். அப்போது சிறகு நுனி அவ்வளவு கூராகத் தெரியாது. அந்த ஒரு நிலையை மட்டும் பார்த்துவிட்டு ஷிக்ரா என்று எழுதிவிடுவார்கள். வட்டமடிப்பதை விட்டு நேராகப் பறக்கும்வரை பொறுங்கள்.

உட்கார்ந்திருந்தால் கண்ணைப் பாருங்கள். ஃபால்கனின் கண் கரும்பழுப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். சுற்றிலும் முதிர்ந்த பறவைக்கு மஞ்சள் வளையம் இருக்கும். ஷிக்ராவின் விழி மஞ்சள் அல்லது சிவப்பு. அந்த முறைப்பான பார்வை கெஸ்ட்ரலுக்குக் கிடையாது.

குயில் வகைகளையும் புறாவையும் இந்தக் கட்டத்திலேயே கழித்துவிடலாம். குயிலின் அலகு மெலிது, வளைந்த கொக்கி இருக்காது; பறக்கும்போது சிறகு உடல் மட்டத்துக்கு மேலே அதிகம் உயராது. புறா நேராக, ஒரே சீராக அடித்துப் போகும், மார்பு புடைத்திருக்கும்.

அளவை எப்படிச் சொல்வது? வெறும் வானத்தில் தனியாகப் பறக்கும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அனுபவசாலி உட்பட. பக்கத்தில் காகமோ புறாவோ வந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். கெஸ்ட்ரலின் நீளம் 32 முதல் 39 சென்டிமீட்டர், சிறகு விரிப்பு 65 முதல் 82 சென்டிமீட்டர். நீளத்தில் மாடப்புறாவுக்குச் சமம். எடையில் அதன் பாதி அளவுதான் வரும், அவ்வளவு ஒல்லி. பெண் ஆணைவிடச் சற்றுப் பெரிது.

4. பறப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

கெஸ்ட்ரலைக் காட்டிக்கொடுப்பது அது அந்தரத்தில் நிற்பதுதான். இதை ஒருமுறையாவது தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள்.

முதலில் காற்றுக்கு எதிராகத் திரும்பும். தரையிலிருந்து சுமார் 10 முதல் 20 மீட்டர் உயரத்தில் வேகத்தைக் குறைத்து, வாலை விசிறியாக விரித்துக் கீழ்நோக்கிச் சாய்க்கும். சிறகு வேகமாக, ஆழமில்லாமல் அடிக்கும். காற்று வீசும் அளவுக்குத்தான் அது முன்னே பறக்கிறது. அதனால் தரையைப் பொறுத்து ஓரிடத்தில் நிற்கிறது. சிறகும் வாலும் காற்றுக்குத் தக்கபடி ஆடிக்கொண்டே இருக்க, தலை மட்டும் ஆணியடித்து மாட்டியதுபோல அசையாது. தலையின் அசைவு சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். காரணம் எளிது: கண் ஆடினால் புல்லுக்குள் ஓடும் எலியின் சின்ன அசைவு தெரியாது. கழுத்துதான் உடலின் ஆட்டத்தை எல்லாம் வாங்கிக்கொள்கிறது.

எதுவும் அகப்படாவிட்டால் சரிந்து கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பி நிற்கும். இரை தெரிந்தால் நேராக விழாது. சில மீட்டர் இறங்கி நிற்கும், இன்னும் கொஞ்சம் இறங்கி நிற்கும், கடைசிப் பாய்ச்சலில்தான் சிறகை மேலே தூக்கிக்கொண்டு கால் நீட்டி விழும். இந்தப் படிப்படியான இறக்கத்தைப் பார்த்தீர்கள் என்றால் அடையாளம் முக்கால்வாசி முடிந்தது. பலமான காற்று அடிக்கும் மலைச்சரிவில் சிறகே அடிக்காமல் அப்படியே தொங்கி நிற்பதும் உண்டு.

முக்கால்வாசி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தரத்தில் நின்றால் கெஸ்ட்ரல் என்பதுதான் புதியவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் விதி, அவர்களை அடிக்கடி ஏமாற்றுவதும் அதே விதிதான். கருந்தோள் பருந்தும் நிற்கும். அமூர் ஃபால்கன் நிற்கும். லெசர் கெஸ்ட்ரல் நிற்கும். இவற்றை எப்படிக் கழிப்பது என்பது 7ஆம் பகுதியில் வருகிறது.

தலைகீழ்த் தவறும் நடக்கும். நிற்காமல் நேராகப் பறந்து போனால் கெஸ்ட்ரல் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நேர்ப் பறப்பில் சிறகு தளர்வாக, வேகமாக அடிக்கும். நடுநடுவே சின்னச் சறுக்கல். பெரிய ஃபால்கனின் முரட்டு வேகம் அதில் இருக்காது. வால் நீளமாகத் தெரியும். இந்த நீண்ட வாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கழிக்கும்போது உதவும்.

5. வால், அப்புறம் முகம்

வாலில் பார்க்க வேண்டியது இரண்டு: அடிநிறம் என்ன, எத்தனை பட்டை. முதிர்ந்த ஆணின் வால் நீலம் கலந்த சாம்பல். நுனிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு அகலமான கறுப்புப் பட்டை, அதற்கும் கீழே மெல்லிய வெள்ளை விளிம்பு. பெண்ணுக்குச் செம்பழுப்பு வால், நெடுக மெல்லிய கறுப்புப் பட்டைகள், கடைசியில் ஒரு தடித்த பட்டை.

வாலின் மேற்புறத்தைப் பார்க்க முயலுங்கள். அது திரும்பும் கணத்தில் கிடைக்கும். கீழிருந்து பார்க்கும்போது இரண்டுமே வெளிறித் தெரியும். பெண்ணின் மெல்லிய பட்டைகள் வெளிச்சத்தில் கரைந்து ஆண்போலக் காட்டும்.

முகத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு மீசைக்கோடு இறங்கும். கெஸ்ட்ரலுக்கு அது மெலிதானது, ஒன்றே ஒன்று. அமெரிக்கக் கண்டங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்கவும்: அங்கே இருப்பது அமெரிக்கக் கெஸ்ட்ரல், வேறு இனம். அதற்குக் கன்னத்தில் இரண்டு கோடுகள், ஆணுக்கு நீலச்சாம்பல் சிறகு, ஆனால் வால் செம்பழுப்பு. இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கும் பொருந்தும், விவரங்கள் பொருந்தா.

6. ஆணா, பெண்ணா, இளசா?

இந்தக் கேள்விக்கு இப்போதுதான் நேரம். இனம் தெரியாமல் பாலினத்தைத் தேடினால் இரண்டும் கெடும்.

முதிர்ந்த ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல், முதுகு செங்கல் நிறம், அதில் தனித்தனிக் கறும்புள்ளிகள். பெண்ணுக்குத் தலை பழுப்பு, அதில் மெல்லிய கீறல்கள். முதுகில் புள்ளிக்குப் பதிலாகக் குறுக்குப் பட்டைகள்.

இளம் பறவை, ஆணானாலும் பெண்ணானாலும், பெண்ணின் சாயலில்தான் இருக்கும். மார்புக் கீறல்கள் தடிப்பாக இருக்கும். கண் வளையமும் அலகு தொடங்கும் இடத்தில் இருக்கும் தோலும் முதிர்ந்தவற்றில் நல்ல மஞ்சள். இளசில் நீலமோ பச்சையோ கலந்த வெளிறிய நிறம். அதனால் பழுப்புத் தலையைக் கண்டதும் பெண் என்று எழுதாதீர்கள். "பெண் அல்லது இளசு" என்பதே நேர்மையான குறிப்பு.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சில முதிர்ந்த பெண்களுக்கு வாலும் அதன் அடிப்பகுதியும் சாம்பலாகும். இளம் ஆண்களில் சிலவற்றுக்கு முதல் குளிர்காலத்திலேயே ஒன்றிரண்டு சாம்பல் வால் இறகுகள் முளைக்கும். சாம்பல் வாலில் நெடுகப் பட்டை இருக்கிறதா, தலை என்ன நிறம், முதுகில் புள்ளியா பட்டையா? மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் பாலினத்தை எழுதுங்கள்.

7. ஒத்த தோற்றம் உள்ளவற்றைக் கழித்தல்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கெஸ்ட்ரல் என்று தோன்றிய பிறகு, "வேறு எதுவாக இருக்கலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழியுங்கள். மனம் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் அதற்கு ஆதரவானதை மட்டுமே கண் தேடும். கழிக்கும் பழக்கம் அதைத் தடுக்கும்.

கருந்தோள் பருந்து. அந்தரத்தில் நிற்பதால் ஏற்படும் குழப்பம். நிறம் வெள்ளையும் சாம்பலும், தோளில் கறுப்பு, விழி சிவப்பு. வால் குட்டை. சறுக்கும்போது சிறகை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். நிற்கும்போது அடிக்கடி கால்களைத் தொங்கவிடும். வெளிச்சம் மோசமாக இருந்தாலும் குட்டை வாலும் தூக்கிய சிறகும் போதும்.

அமூர் ஃபால்கன். கிழக்கு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து தென் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு வலசை போகும் பறவை. அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் பெரும் கூட்டமாகத் தங்கிப் போவது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆண் கருஞ்சாம்பல், சிறகின் அடியில் முன்பகுதி வெள்ளை. பெண்ணும் இளசும்தான் குழப்பும். அவற்றின் முதுகு சாம்பல், செம்பழுப்பு கிடையாது. கால் ஆரஞ்சுச் சிவப்பு, கெஸ்ட்ரலுக்கு மஞ்சள். வாலும் சற்றுக் குட்டை.

ஹாபி. இதுவும் ஒரு சின்ன ஃபால்கன். சிறகு அரிவாள் வளைவில் நீண்டிருக்கும், வால் குட்டை, முதுகு கருஞ்சாம்பல், மீசை தடிமன், மார்பில் அடர்ந்த கீறல்கள். முதிர்ந்த பறவையின் தொடைப்பகுதி செம்மை. தட்டாரப்பூச்சியைப் பிடித்துப் பறந்துகொண்டே காலால் வாய்க்குக் கொண்டுபோய்த் தின்னும். உட்காரும்போது சிறகு நுனி வால் நுனியைத் தொடும் அல்லது தாண்டும். கெஸ்ட்ரலின் சிறகு நுனி வாலுக்கு நன்றாக முன்னாலேயே நின்றுவிடும். உட்கார்ந்திருக்கும் ஃபால்கனில் இதைப் பார்ப்பது நல்ல பழக்கம். நிறம் தெரியாத தூரத்திலும் இது தெரியும்.

மெர்லின். கெஸ்ட்ரலைவிடச் சிறிய ஃபால்கன். தாழ்வாக, வேகமாகப் பறந்து சின்னப் பறவைகளைத் துரத்தும். மீசை மங்கல். ஆணுக்கு முதுகு நீலச்சாம்பல். இதே பெயரில், பறவையின் படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஒரு செயலியும் இருக்கிறது. அதனிடம் மங்கலான படத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலை அப்படியே நம்புவது இப்போதைய புதுத் தவறு. அதைக் கழிக்க வேண்டிய பெயர்களின் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

செங்கழுத்து ஃபால்கன். உச்சந்தலையும் பிடரியும் செம்பழுப்பு, முதுகு சாம்பல், வயிற்றில் நெருக்கமான குறுக்குப் பட்டைகள். நிறங்கள் கெஸ்ட்ரல் ஆணுக்கு ஏறக்குறைய நேரெதிர் இடங்களில் இருக்கும். பனைமரம் உள்ள வெளிகளில் இணையாக வேட்டையாடுவதைக் காணலாம்.

லெசர் கெஸ்ட்ரல். உண்மையான சோதனை இதுதான். முதிர்ந்த ஆணைப் பிரிக்கலாம்: முதுகில் புள்ளியே இருக்காது, மீசைக்கோடு இருக்காது, சிறகின் நடுவே செம்பழுப்புக்கும் கறுப்புக்கும் இடையில் நீலச்சாம்பல் பட்டை ஓடும். நடு வால் இறகுகள் சற்று நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். சிறகு நுனி ஏறக்குறைய வால் நுனிவரை எட்டும்.

பெண்ணையும் இளசையும் பிரிப்பது கடினம். ஒரு நம்பகமான அடையாளம் நகம்: லெசருக்கு வெளிறிய நகம், நம் கெஸ்ட்ரலுக்குக் கறுப்பு நகம். கிட்டத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அதைப் பார்க்க முடியும். பழக்கம் கொஞ்சம் உதவும். லெசர் கூட்டமாகத் திரியும், கூட்டமாகக் கூடமைக்கும், பெரும்பாலும் பூச்சி தின்னும். ஆனால் பழக்கத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுத வேண்டாம். நகமும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை என்றால் "கெஸ்ட்ரல், இனம் உறுதியில்லை" என்று எழுதி மூடுங்கள். தப்பான உறுதியைவிட அந்தக் குறிப்புதான் பின்னால் யாருக்காவது பயன்படும்.

8. குறிப்பு எழுதும் வரிசை

பறவை கண்ணை விட்டு மறைந்த உடனே எழுதுங்கள், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே. படத்தைப் பார்த்துவிட்டால் நினைவு அந்தப் படத்துக்கு ஏற்றபடி மாறிவிடும். பார்க்காத மீசைக்கோட்டைப் பார்த்ததாகவே தோன்றும்.

நான் எழுதச் சொல்வது இப்படி: நேரம், காற்று, வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் பார்த்தோம். அப்புறம் சிறகு, பறப்பு, வால், முகம், முதுகு, கால். பார்க்காததற்கு எதிரே "பார்க்கவில்லை" என்றே எழுத வேண்டும். "மீசை இல்லை" என்பதும் "மீசை பார்க்கவில்லை" என்பதும் வேறு வேறு. முதலாவது லெசர் கெஸ்ட்ரலை நோக்கி இழுக்கும், இரண்டாவது எங்கேயும் இழுக்காது. பெயர் கடைசி வரியில்.

9. பெயர் தெரிந்தபின்: அது என்ன செய்கிறது?

ஒரே பறவையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாருங்கள். முதலில் கவனிக்க வேண்டியது, எப்போது அந்தரத்தில் நின்று வேட்டையாடுகிறது, எப்போது உட்கார்ந்து வேட்டையாடுகிறது என்பது. அந்தரத்தில் நின்று வேட்டையாடுவதில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் இரை அதிகம். ஆனால் செலவாகும் சக்தியும் மிக அதிகம். குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய பருவத்தில் அந்தச் செலவு கட்டுபடியாகும். குளிர்காலத்தில் தன் ஒரு வயிற்றுக்காக அவ்வளவு செலவழிக்காது, கம்பத்தில் உட்கார்ந்தே காத்திருக்கும். "இந்தக் கெஸ்ட்ரல் பறக்கவே மாட்டேன் என்கிறதே, நோயா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

கொல்லும் முறையும் ஃபால்கனுக்கே உரியது. பருந்தும் ஷிக்ராவும் கால் நகத்தால் இறுக்கிக் கொல்லும். ஃபால்கனின் மேல் அலகில் ஒரு பல் போன்ற துருத்தல் இருக்கிறது. அதனால் பிடரியைக் கடித்துக் கழுத்தெலும்பை முறிக்கும். பிடித்த இரையை எப்போதும் உடனே தின்பதில்லை. புல்லடியிலோ பாறை இடுக்கிலோ ஒளித்துவைத்து, மாலையில் வந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. பகலில் இரையோடு இறங்கி, வெறுங்காலோடு எழும்பினால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பொழுது சாயும்போது தூரத்திலிருந்து பாருங்கள்.

இங்கே ஒரு பழைய செய்தியையும் திருத்திக்கொள்ள வேண்டும். எலியின் சிறுநீர்த் தடம் புறஊதா ஒளியில் மின்னுவதைக் கெஸ்ட்ரல் பார்த்துத் தொடர்கிறது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 1995இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு வேட்டைப் பறவைகளின் கண்ணில் புறஊதா ஒளி பெருமளவு தடுக்கப்படுகிறது என்றும், அந்தத் தடம் அவற்றுக்குத் தனித்துத் தெரிய வாய்ப்பில்லை என்றும் காட்டியது. கவர்ச்சியான கதை என்பதால் முதலாவதே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்ள, அது வழக்கமாக உட்காரும் கம்பத்தின் அடியில் தேடுங்கள். செரிக்காத மயிரையும் வண்டின் ஓட்டையும் உருண்டையாகக் கக்கிப் போட்டிருக்கும். 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நிறம். கையுறை போட்டு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரியுங்கள். எலி மயிர் அப்பிக் கிடக்கும், நடுவே பளபளவென்று வண்டின் சிறகோடு, சில நேரம் ஒன்றிரண்டு பல். எலும்பு அதிகம் இருக்காது. ஆந்தையின் உருண்டையில் முழு மண்டையோடே கிடைக்கும். ஃபால்கனின் வயிற்று அமிலம் எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும். எலும்புக்கூடு முழுதாக வந்தால் அந்தக் கம்பத்தில் இரவில் வேறு யாரோ உட்காருகிறார்கள் என்று அர்த்தம்.

10. கூடு இருக்கும் இடத்தில்

கெஸ்ட்ரல் கூடு கட்டாது. பாறை விளிம்பு, கட்டடத்துப் பொந்து, மரப்பொந்து, காகம் விட்டுப்போன கூடு, ஆள் வைத்த பெட்டி என எதுவும் போதும். 3 முதல் 6 முட்டை. சுமார் நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் நான்கைந்து வாரம். அடைகாப்பது பெரும்பாலும் பெண்தான், இரை கொண்டுவருவது ஆண். இந்தக் காலத்தில் "கீ-கீ-கீ" என்று விரைவாக அடுக்கிய குரல் அடிக்கடி கேட்கும்.

அந்தக் குரல் உங்களை நோக்கி வந்தால் நீங்கள் மிகக் கிட்டே வந்துவிட்டீர்கள். பின்வாங்குங்கள். ஆண் இரையோடு வந்து கூட்டுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும் காரணம் நீங்கள்தான். படத்துக்காக அங்கேயே நிற்பவர் ஒரு வேளை உணவைத் தடுக்கிறார். முட்டை குளிர்ந்து போகவும் இடம் கொடுக்கிறார். பதிவு செய்த குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். கூட்டின் சரியான இடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள், முட்டையும் குஞ்சும் திருடுபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

11. தரையில் கிடக்கும் பறவையைக் கண்டால்

முதலில் தூர நின்று பாருங்கள். முழு இறகு முளைத்து, ஓரளவு தத்தித் தாவும் இளசு என்றால் அது பறக்கப் பழகுகிறது. பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள். நாயோ பூனையோ வாகனமோ ஆபத்து இருந்தால் மட்டும் பக்கத்து உயரமான இடத்தில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

சிறகு தொங்கினால், இரத்தம் தெரிந்தால், நீங்கள் கிட்டே போயும் அசையாமல் இருந்தால் உதவி தேவை. தடித்த துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, சிறகை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். கண் மறைந்தால் அடங்கிவிடும். கால்களைக் கவனியுங்கள், இந்தச் சின்னப் பறவையின் நகமும் ஆழமாகப் பதியும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கம்பிக் கூண்டு கூடாது, இறகு முறியும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் சோறும் அதற்கு உணவே அல்ல. காயம் இல்லாமல் சோர்ந்து, வெளிறிய வாயோடு கிடந்தால் எலி மருந்தாக இருக்கலாம். மருந்து தின்ற எலியைத் தின்பதால் அது கெஸ்ட்ரலுக்குள்ளும் சேர்கிறது. பிரிட்டனில் இறந்து கிடைத்த கெஸ்ட்ரல்களின் ஈரலைச் சோதித்தபோது எலி மருந்தின் மிச்சம் தென்பட்டிருக்கிறது. அந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சிகிச்சை மாறும்.

உடனே வனத்துறையையோ காட்டுயிர் மீட்பு மையத்தையோ அழையுங்கள். பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது, நல்ல எண்ணத்தில் என்றாலும், சட்டப்படி குற்றம். எடுத்த இடத்தையும் நேரத்தையும் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். குணமானபின் அதே இடத்தில் விட அந்தக் குறிப்பு வேண்டும்.